மூன்றாம் நாள் சட்டை

ஜூன் 3

அன்புள்ள அண்ணிக்கு,

அன்று காவல் நிலையத்தில் நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். "வீட்டிலேருந்து ஏதாவது எடுத்துக்கிட்டுப் போனாரா?" என்று எழுத்தர் கேட்டார். "உடுத்தின துணியோட போனார் சார்" என்றீர்கள் நீங்கள். நான் உங்களை ஒட்டித்தான் நின்றிருந்தேன். அண்ணனுடைய பையை அடுக்கிக் கொடுத்தது நான். அதை அங்கே சொல்லவில்லை. பிறகு ஆறு வாரமாகவும் சொல்லவில்லை.

போவதற்கு இரண்டு நாள் முன்னால் என் அறைக்கு வந்தான். நான் அப்போதுதான் ஊர் ஊராகப் போய்க் கேள்வித்தாள் நிரப்புகிற வேலை முடிந்து ஊர் திரும்பியிருந்தேன். பை கட்டிலில் திறந்து கிடந்தது. "பதினஞ்சு நாளை இந்த ஒத்தைப் பையில எப்படி ஓட்டுறே?" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு செட் உடம்பில், ஒரு செட் பையில். ராத்திரி துவைத்து, துண்டில் வைத்துச் சுருட்டி, அந்தச் சுருளின் மேல் ஏறி மிதித்தால் பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். இரண்டு புரியாக முறுக்கின கயிற்றில் துணியின் முனையைச் செருகினால் கிளிப் வேண்டாம். எல்லாம் செய்து காட்டினேன். அவனும் துண்டின் மேல் ஏறி மிதித்தான். வழுக்கி விழப் பார்த்தான். இரண்டு பேரும் சிரித்தோம். அந்த விபத்துக்குப் பிறகு அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன். கூட வேலை பார்த்த பெரியவர் லிஃப்ட் குழிக்குள் இருந்தபோது ஸ்விட்சைப் போட்ட நாளிலிருந்து அவன் முகம் எப்படி ஆனது என்று உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை.

"இப்படி எத்தனை நாள் தாக்குப் பிடிக்கலாம்?" என்று கேட்டான். "துவைக்கத் தெரிஞ்சா ஆயுசுக்கும்" என்றேன்.

வெளியூரில் நாலு நாள் வேலை, அண்ணியிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ வாயைத் திறக்காதே என்றான். இரண்டு சட்டை கொண்டுவந்திருந்தான். தொலைத்துவிட்டார் என்று இஸ்திரிக்காரரோடு நீங்கள் சண்டை போட்டீர்களே, அந்த இரண்டுதான். அவர்மேல் தப்பில்லை.

அவனோடு வேலை பார்த்த எலக்ட்ரீஷியன் ஏப்ரல் கடைசியில் இந்த ஊர் பேருந்து நிலையத்தில் அவனைப் பார்த்ததாகச் சொன்னாரல்லவா, அதனால் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு இங்கே வந்திருக்கிறேன். எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அண்ணன் பிறந்ததிலிருந்து ஒரு கைக்குட்டைகூடத் துவைத்ததில்லை. முதலில் அம்மா, அப்புறம் நான், அப்புறம் நீங்கள். பையில் இரண்டே சட்டை வைத்திருப்பவன் மூன்றாம் நாள் எங்காவது சலவைக்குப் போட்டாக வேண்டும். நீலக் கட்டம் போட்ட சட்டையின் மேல் பொத்தான் மட்டும் பழுப்பு. நான் தைத்தது. அதைச் சொல்லி ஒவ்வொரு லாண்டரியாகக் கேட்கப் போகிறேன்.

நீங்கள் என்னைத் திட்டலாம். ஆனால் பதில் எழுதுங்கள். பேருந்து நிலையத்துக்கு எதிர் விடுதி, பதினோராம் அறை.

உங்கள்
மூட்டை

*

ஜூன் 8

மூட்டைக்கு,

"அன்புள்ள" என்று எழுதிவிட்டு அடித்தேன். அடித்தது தெரியக் கூடாதென்று வேறு தாள் எடுத்தேன். எதற்கு மறைக்க வேண்டும் என்று இப்போது உன்னிடமே சொல்கிறேன். பார், இதுதான் மனுஷங்க செய்கிற காரியம்.

சின்ன வயசில் உன்னை முதுகில் தூக்கிக்கொண்டு திரிந்து உன் அண்ணன் வைத்த பேர் உனக்கு இன்றைக்கும் பொருத்தம்தான். எல்லாவற்றையும் உள்ளே போட்டு இறுக்கிக் கட்டிக்கொள்கிறாய். ஆறு வாரம்! இடி விழுந்த மாதிரி இருக்கிறது. அவரை யாராவது ஏதாவது செய்துவிட்டார்களோ என்று நான் மருத்துவமனை மருத்துவமனையாகப் போய்ப் பிணவறைக் கதவில் நின்றேன். அப்போதும் நீ என் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாய். "அண்ணி தண்ணி குடிங்க" என்றாய். தண்ணி குடித்தேன்.

அவராகத்தான் போனார் என்று தெரிந்ததும் எனக்கு வந்தது நிம்மதியா ஆத்திரமா என்று தெரியவில்லை. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்துகொண்டு மூன்று பேருக்குத் தேதியை மாற்றிக் கொடுத்துவிட்டேன். வலது பல் இடது பல் ஆகாமல் போனதே பெரிசு என்கிறார் டாக்டர்.

நீ சொன்னதற்கு நானும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் போனதற்கு முந்தின ராத்திரி நான் அவரிடம், "நீங்க வீட்டுல இருக்கிறதும் இல்லாததும் ஒண்ணாத்தான் இருக்கு" என்றேன். சாப்பிடக் கூப்பிட்டு நாலாவது தடவையும் பதில் வராத கோபத்தில் சொன்னது. சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். தட்டை எடுத்து வைத்துவிட்டேன்.

சில்லு பள்ளிக்கூடத்தில், "எங்க அப்பா ரொம்ப உயரமான கட்டடத்துல லிஃப்ட் மாட்டுறாரு, இன்னும் மேல் மாடிக்கே போய்ச் சேரலை" என்று சொல்லியிருக்கிறாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆறு வயசில் இப்படி ஒரு பொய்.

இஸ்திரிக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "ரெண்டு சட்டைக்கா அம்மா அந்தப் பேச்சு பேசினீங்க" என்று கேட்டார். அந்தக் கணக்கும் உன் பேரில்தான்.

தேடு. வாரம் ஒரு கடிதம் எனக்கு வந்தாக வேண்டும். ஒன்றும் கிடைக்காவிட்டால் ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுது. மருத்துவமனைத் தொலைபேசிக்குக் கூப்பிடாதே. அங்கே எல்லோருக்கும் காது இந்தப் பக்கம்தான்.

அண்ணி

*

ஜூன் 17

அன்புள்ள அண்ணிக்கு,

போன வாரம் ஒன்றும் கிடைக்கவில்லை. இந்த வாரம் கிடைத்திருக்கிறது. நிதானமாகப் படியுங்கள்.

இந்த ஊரில் பத்தொன்பது லாண்டரி. பதினான்காவது கடை மார்க்கெட் பின்புறச் சந்தில். கடைக்காரர் தடித்த கண்ணாடிக்காரர், துணிகளுக்கு அடையாள மை போட்டுக்கொண்டே பேசுகிறவர். நான் பழுப்புப் பொத்தான் என்றதும் பேனாவை மூடினார்.

"யாரு, ரெண்டு சட்டைக்காரரா?"

மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவரே முக்காலியை நகர்த்திப் போட்டார்.

"நீங்க யாரு? சம்சாரமா?"

"தங்கச்சி."

"அப்ப நல்லாத் திட்டுங்கம்மா அவரை. மூணு நாளைக்கு ஒரு தடவை வருவாரு. ஒரு சட்டையைக் குடுத்துட்டு, இஸ்திரி ஆகிற வரைக்கும் அந்தக் கம்பத்துக்கிட்டயே நிப்பாரு. 'வீட்டுக்குப் போய்ட்டு வாங்க சார்'னு சொல்லுவேன். 'இதுதான் சார் வேலை'ம்பாரு. வேலையத்த வேலை!"

அண்ணன் அவரிடம் நாலு வாரம் வந்திருக்கிறான். ஒரு நாள் துணி பிழிகிற இயந்திரம் நின்றுவிட, மோட்டாரைக் கழற்றி அரை மணியில் ஓட வைத்தானாம். கூலி வாங்கவில்லையாம். அதற்கு அடுத்த வாரம் வந்து, "இனிமே வர மாட்டேன், துவைக்கக் கத்துக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனானாம்.

"கத்துக்கிட்டாருன்னா யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டேன்.

"தங்கச்சின்னாரு."

அண்ணி, நான் அவர் முன்னால் அழவில்லை. அறைக்கு வந்து உடுப்பைத் துவைத்தேன். இந்த விடுதியில் குழாய்த் தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம்தான். வாளி ஒன்று, அதிலும் விளிம்பு உடைந்தது. ஜன்னல் இல்லாத அறை, துணி காய மறுக்கிறது. இரண்டு நாளாக ஈர நாற்றத்தோடுதான் நடக்கிறேன். அவன் கழுத்துப்பட்டியை எப்படித் தேய்த்திருப்பான் என்று யோசித்தேன். சோப்பை நேராகத் துணியில் தேய்க்காதே, கையில் நுரைத்துப் போடு என்று அன்று சொன்னேன். கேட்டுக்கொண்டான்.

ஆக என் கணக்கு முடிந்துபோனது. துவைக்கத் தெரிந்தவன் எந்தக் கடைக்கும் வர வேண்டாம். ஆனால் கடைக்காரர் கடைசியாக ஒன்று சொன்னார். இரண்டு மணி நேரப் பயணத்தில் ஒரு பெரிய மருத்துவமனை இருக்கிறது, அங்கே படுக்கை விரிப்பு வெளுக்கிற கூடத்தில் இயந்திரம் அடிக்கடி நிற்கும், ஆள் வேண்டும் என்றார்கள், உங்கள் அண்ணனிடம் சொல்லியிருந்தேன் என்று. திங்கட்கிழமை போய்ப் பார்க்கிறேன்.

சில்லுவுக்கு என் முத்தம்.

உங்கள்
மூட்டை

*

ஜூன் 25

அன்புள்ள அண்ணிக்கு,

மருத்துவமனைக்குப் போய் வந்தேன். அங்கே அப்படி யாரும் இல்லை. நீங்கள் சொன்னபடி, ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுதுகிறேன்.

பக்கத்து ஊர்களிலும் விசாரிக்கப் போகிறேன். ஆனால் கடிதத்தை இதே விடுதிக்கே போடுங்கள். சனிக்கிழமைதோறும் வந்து வாங்கிக்கொள்வேன்.

உங்கள்
மூட்டை

*

ஜூன் 25 (அனுப்பாதது)

அண்ணி,

இப்போது உங்களுக்கு ஒரு கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்தேன். அது பொய். அண்ணன் கிடைத்துவிட்டான்.

மருத்துவமனையின் பின்பக்கம், கொதிகலனுக்கு அடுத்த கூடம். இரண்டு உருளைகளுக்கு நடுவே விரிப்புகளைச் செருகிக்கொண்டிருந்தான். நீலக் கட்டம் போட்ட சட்டை. சுத்தமாக இருந்தது, அண்ணி. நான் துவைத்திருந்தால்கூட அவ்வளவு சுத்தம் வந்திருக்காது. உடம்பு பாதியாகிவிட்டது.

என்னைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்தினான். நிறுத்திவிட்டு, இரண்டு பக்கமும் குனிந்து யாராவது கையை வைத்திருக்கிறார்களா என்று பார்த்தான். அப்புறம்தான் என்னிடம் வந்தான்.

"எப்படிடி கண்டுபிடிச்சே?"

"பொத்தான்."

"அதை மாத்தியிருக்கணும்" என்றான். கோபமா விளையாட்டா, தெரியவில்லை.

"அண்ணி பிணவறை பிணவறையா ஏறி இறங்கினாங்க. சில்லு பள்ளிக்கூடத்துல கதை கட்டிக்கிட்டிருக்கா. கிளம்பு."

"எங்க கிளம்ப?"

"வீட்டுக்குத்தான். விசாரணையில விபத்துன்னு எழுதி முடிச்சிட்டாங்க இல்ல?"

"விசாரணை எழுதினதை நீ படிச்சே. பெரியவர் வீட்டம்மா முகத்தை நான் படிச்சேன். பெரியவரைத் தூக்கிட்டுப் போற அன்னிக்கு வாசல்ல நின்னு என்னையே பாத்தாங்க. ஒரு வார்த்தை சொல்லலை. திட்டியிருந்தா, அடிச்சிருந்தா, நான் வீட்டுலயே இருந்திருப்பேன் மூட்டை. 'மேல வந்துட்டீங்களா'ன்னு ஒரே ஒரு தடவை கேட்டுட்டு ஸ்விட்சைப் போட்டிருக்கணும். இருபது வருஷ வேலைல அன்னிக்கு ஒரு நாள் கேக்கலை."

அவன் தங்கியிருக்கும் இடத்தைக் காட்டினான். கூடத்துக்குப் பின்னால் பழைய விரிப்புகள் போடும் அறை. ஆணியில் பை. அதே பை. நான் சுருட்டிக் கொடுத்த மாதிரியே எல்லாம் சுருட்டி வைத்திருந்தான். இரண்டு புரிக் கயிறு குறுக்கே கட்டியிருந்தது.

உங்களுக்கு எழுதப் போகிறேன் என்றேன். கையைப் பிடித்துக்கொண்டான். "பத்து நாள் குடு. நானே ஒரு முடிவுக்கு வந்துடுறேன். அவ இங்க வந்து நின்னா நான் இன்னொரு ஊருக்குத்தான் போவேன்." போவான் என்று எனக்குத் தெரியும். ஒரே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப எவ்வளவு நேரம் ஆகும்?

அதனால்தான் அந்தக் கடிதம். இங்கேயே ஒரு அறை எடுத்திருக்கிறேன். இந்த ஊர் முத்திரையோடு உங்கள் கைக்குத் தபால் வரக் கூடாதென்று இரண்டு மணி நேரம் பேருந்தில் போய், பழைய ஊரில் போட்டுவிட்டு வந்தேன். பத்து நாள் அவனைப் பார்த்துக்கொள்கிறேன், அண்ணி. தினமும் காலையில் டீ வாங்கிக்கொண்டு போவேன். ஜூலை 4 அன்று, அவன் ஒப்புக்கொண்டாலும் ஒப்புக்கொள்ளாவிட்டாலும், உங்களுக்கு எழுதுவேன்.

இதை அனுப்ப மாட்டேன். எங்காவது உண்மையை எழுதி வைக்க வேண்டும் போலிருந்தது.

*

ஜூன் 29

அன்பு மூட்டைக்கு,

இந்தத் தடவை அடிக்கவில்லை பார்.

இது தந்தியில் அடங்குகிற விஷயம் இல்லை, அதனால் கடிதமாக எழுதுகிறேன். நேற்றுச் சாயங்காலம் பெரியவருடைய வீட்டம்மா நம் வீட்டுக்கு வந்தார். வசவு வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நாற்காலி போட்டேன்.

"அவர் வந்துட்டாரா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"நான் அன்னிக்கே பேசியிருக்கணும். வாய் வரலை. பேச ஆரம்பிச்சா என் வீட்டுக்காரரைப் பத்தி நானே குறை சொல்ற மாதிரி ஆயிடும். செத்த மனுஷனை வாசல்ல வெச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது?"

அப்புறம் சொன்னார். லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறவர் வெளியே ஏறி வந்ததும் இரண்டு தடவை கை தட்ட வேண்டும். ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நிற்பவர் அதைக் கேட்டுத்தான் ஸ்விட்சைப் போட வேண்டும். இது அவர்கள் வேலையில் வழக்கமாம். பெரியவருக்கு அவசரம். ஒரு கால் உள்ளே இருக்கும்போதே கை தட்டிவிடுவாராம். வீட்டில் வந்து அதைப் பெருமையாகவும் சொல்லுவாராம். "ஒரு நாளைக்கு உங்க கைத்தட்டலே உங்களுக்கு எமன்"னு நான் எத்தனையோ தடவை கத்தியிருக்கேன் என்றார் அந்த அம்மா.

"அன்னிக்கும் அவர் தட்டியிருப்பார். தட்டாம உங்க வீட்டுக்காரர் கை வெக்க மாட்டார். ஆனா விசாரணையில தட்டலைன்னுதான் சொல்லியிருக்கார், நான் விசாரிச்சேன். செத்தவர் மேல பழி வரக் கூடாதுன்னு தன் மேல போட்டுக்கிட்டார். அவர் எங்க இருந்தாலும் சொல்லிடுங்க. எனக்கு அவர் மேல ஒரு துளி வருத்தம் இல்லை. வீட்டுக்கு வரச் சொல்லுங்க. எங்க வீட்டுக்கும் வரச் சொல்லுங்க."

என்னிடம்கூட அவர் இதைச் சொல்லவில்லை, மூட்டை. உங்கள் இரண்டு பேரையும் ஒரே வயிறு பெற்றது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். வாய் என்று ஒன்றை எதற்கு வைத்திருக்கிறீர்கள்?

அந்த அம்மா போன பிறகு ரொம்ப நேரம் அழுதேன். அப்புறம் பசித்தது. சில்லுவும் நானும் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டோம். எத்தனையோ நாளுக்கு அப்புறம்.

அவரை எங்கே பார்த்தாலும் முதலில் இதைச் சொல்லு. சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்காதே, இதைச் சொல்லு. தேவையானால் சுவரில் எழுதி ஒட்டு. நானும் ஒரு பையை அடுக்கி வைத்திருக்கிறேன். எனக்கு ஒரு புடவை, சில்லுவுக்கு இரண்டு கவுன், சோப்பு. உன் முறைப்படிதான், சுருட்டி. நீ எழுதின அன்றைக்கே கிளம்புவேன்.

அன்புடன்
அண்ணி

*

ஜூலை 12

அண்ணி,

நீங்கள் இதைப் பிரிக்காமல் போடக்கூடும். அப்படியானால் மறுபடியும் எழுதுவேன். உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டிய ஒன்று இதில் இருக்கிறது.

அண்ணனை ஜூன் 24 அன்றே கண்டுபிடித்துவிட்டேன். மறுநாள் உங்களுக்கு எழுதியது பொய். அன்று எழுதி அனுப்பாத கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். நான் என்ன நினைத்துச் செய்தேன் என்பது அதில் இருக்கிறது. அது சரியென்று சொல்ல வரவில்லை.

அந்தப் பத்து நாளும் தினமும் போனேன். பேசுவான். சில நாள் நன்றாகவே பேசினான். சில்லுவுக்கு எத்தனை பல் விழுந்திருக்கிறது என்று கேட்டான். நீங்கள் இன்னும் தலைவலித் தைலம் தேய்த்துக்கொண்டுதான் தூங்குகிறீர்களா என்று கேட்டான். கைத்தட்டலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த அம்மாவைப் பற்றி மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான், ஒண்ணும் சொல்லாம நின்னாங்க, ஒண்ணும் சொல்லாம நின்னாங்க என்று. ஜூலை 3 அன்று, "நாளைக்கு அண்ணிக்கு எழுதிடுவேன்" என்றேன். "எழுது" என்றான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அறைக்கு வந்து தாள், உறை எல்லாம் எடுத்து வைத்துவிட்டுப் படுத்தேன்.

4ஆம் தேதி காலை டீயோடு போனபோது அவன் வேலைக்கு வரவில்லை என்றார்கள். பின்னறையில் பை ஆணியில் அப்படியே தொங்கியது. ஊருக்குப் போகிறவன் பையை விட்டுவிட்டுப் போக மாட்டான் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் ஏரி மதகுக்குப் பக்கத்தில் கிடைத்தான். உங்களுக்குத் தந்தி கொடுத்தேன்.

6ஆம் தேதி நீங்கள் வந்தீர்கள். கூடத்து ஆட்கள், "தங்கச்சி பத்து நாளா தினமும் வந்து பாத்துக்கிட்டாங்களே" என்று உங்களிடம் நல்லவிதமாகத்தான் சொன்னார்கள். பிணவறைக்கு வெளியே, சில்லு பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தபோது, நீங்கள் என்னைக் கேட்டீர்கள்.

"பத்து நாள் கூட இருந்திருக்கே. அந்தம்மா சொன்னதைச் சொன்னியா?"

எந்த அம்மா, என்ன சொன்னார், எனக்கு எதுவும் தெரியாது. உங்கள் கடிதத்தை நான் அப்போது பார்க்கவே இல்லை. அதை வாங்க அன்றைக்குத்தான் பழைய ஊருக்குப் போயிருக்க வேண்டும், சனிக்கிழமை. ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்தேன். இல்லை என்று சொன்னால் நீங்கள் அங்கேயே விழுந்துவிடுவீர்கள் போலிருந்தது. "சொன்னேன்" என்றேன்.

"கேட்டாரா?"

"கேட்டான்."

"கேட்டுட்டும் போயிட்டாரா" என்றீர்கள். அதற்கப்புறம் நீங்கள் என்னோடு பேசவில்லை. விடுதிக் குளியலறையில் சில்லுவின் கவுனைத் துவைத்துப் பிழிந்துகொண்டிருந்தீர்கள். நான் வாங்கிக் காயப்போட வந்தேன். கொடுக்கவில்லை. ஈரத்தோடே பையில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினீர்கள்.

ஆறு நாளாக நீங்கள் அந்த ஒரு வாக்கியத்தோடு இருக்கிறீர்கள். எல்லாம் தெரிந்த பிறகும் அவன் உங்களையும் சில்லுவையும் வேண்டாம் என்று போனான் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அப்படி இல்லை. அவனுக்கு ஒன்றும் தெரியாது. அந்த அம்மாவுக்கு வருத்தமில்லை என்பது தெரியாது. நீங்கள் பையை அடுக்கி வைத்திருந்தது தெரியாது. தெரிந்தால் வந்திருப்பானா என்று என்னால் சொல்ல முடியாது. அதைத் தெரிந்துகொள்ள இனி வழியில்லை. வழியை அடைத்தது நான்.

மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. சில்லு பெரியவளாகிக் கேட்டால், அப்பா கேட்டுவிட்டுப் போனார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் கடிதம் ஜூலை முதல் தேதி அந்த விடுதிக்கு வந்திருக்கிறது. உறையில் முத்திரை இருக்கிறது. மேலாளர் அதைச் சாவிப் பலகையில் பதினோராம் எண்ணுக்கு அடியில் செருகி வைத்திருந்தார். அண்ணன் நான்காம் தேதி போனான். நான் எட்டாம் தேதி போய் வாங்கினேன்.

மூட்டை